டயாலிசிஸ் நாட்களில் வாக்குத்தத்தங்கள்

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன என்று தெரிந்த வாரத்தில் எங்கள் போனுக்கு வந்த வேத வசனங்களை, ஆண்டவர் தந்த வாக்குகள் என்று நாங்கள் சொல்லும் வாக்குத்தத்தங்களைத் தொகுத்திருந்தால் ஒரு சின்னப் புத்தகமே போட்டிருக்கலாம். "நான் சாவாமல், பிழைத்திருந்து" என்ற 118-ஆம் சங்கீத வசனம் மட்டும் எத்தனை பேரிடமிருந்து வந்தது என்று கணக்கே இல்லை. பூப்படத்தோடு, சூரிய உதயத்தோடு, ஒருவர் தன் குரலிலேயே வாசித்தும் அனுப்பியிருந்தார். எல்லாரும் அன்பானவர்கள். ஆனால் குணமாகும் என்று நம்பிக்கொண்டே மறுநாள் காலையில் கழுத்தில் குழாய் போட ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவது எப்படி என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. நம்பிக்கை ஒரு பக்கமும் ரத்தப் பரிசோதனைத் தாள் இன்னொரு பக்கமும் இழுக்கும்போது என்ன செய்வது என்று நாங்களாகவே தட்டுத் தடுமாறித்தான் தெரிந்துகொண்டோம். அதைத்தான் எழுதுகிறேன், எங்களைப் போன்ற விசுவாசிகளுக்காக. மற்றவர்களுக்கு இதில் பாதி விசித்திரமாகத் தெரியலாம், பரவாயில்லை.

சிறுநீரகம் ரொம்பப் பொறுமையான உறுப்பு. பெரும்பகுதி கெட்டுப்போகிற வரைக்கும் வெளியே காட்டிக்கொள்ளாது. அவருக்கு நெடுநாளாக ரத்த அழுத்தம் உண்டு. மாத்திரையை நினைவு வந்தால் போடுவார், இல்லாவிட்டால் இல்லை. கால் வீங்கியபோது, நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பதால் என்று நினைத்தோம். காலையில் குமட்டல் வந்தபோது வயிற்றுக் கோளாறு என்று நினைத்தோம். ரத்தம் எடுத்துப் பார்த்தால், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின், ஒன்றை ஒட்டி இருக்கவேண்டியது, இரட்டை இலக்கத்தில் நிற்கிறது. ஐந்தாம் நிலை, அதாவது கடைசி நிலை என்றார் டாக்டர். வாரத்துக்கு 3 முறை டயாலிசிஸ், அதாவது இயந்திரத்தால் ரத்தத்தைச் சுத்தம் செய்வது, ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். "எத்தனை நாளைக்கு?" என்று கேட்டேன். "மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கிற வரைக்கும்" என்றார். கிடைக்காவிட்டால் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது கிரியாட்டினினையும் சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் எளிய பரிசோதனைகள்தான்.

பணம் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவக் காப்பீடு இருக்கிறது என்ற தைரியத்தில்தான் பெரிய ஆஸ்பத்திரியாகப் பார்த்துச் சேர்த்தோம். வீட்டுக்கு அனுப்பும் நாளில், காப்பீட்டு நிறுவனம் பணம் தர முடியாது என்றுவிட்டது. பாலிசி எடுத்தபோது ரத்த அழுத்தம் உண்டா என்ற கேள்விக்கு ஏஜென்ட் 'இல்லை' என்று நிரப்பியிருந்தார். டாக்டர் எழுதிய குறிப்பில் பல வருட ரத்த அழுத்தம் என்று இருந்தது. வீடு கட்டுவதற்காகச் சேர்த்திருந்ததில் பாதி அந்த ஒரு பில்லில் கரைந்தது. மீதி, டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைக்கும் ஃபிஸ்டுலா ஆபரேஷனுக்கும் ரத்தம் ஊறப் போடும் ஊசிகளுக்கும் போனது. சம்பளமும் நின்றுவிட்டது. உங்கள் பாலிசித் தாளை எடுத்து, உங்கள் பெயரில் என்ன நிரப்பியிருக்கிறது என்று ஒரு முறை படித்துப் பாருங்கள். தவறாக இருந்தால், உடம்பு நன்றாக இருக்கும்போதே எழுத்தில் திருத்தச் சொல்லுங்கள். ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டு அந்த உறையைப் பிரிக்காமலேயே வைத்திருக்கும் விசுவாசிகள் நம்மில் நிறையப் பேர்.

ஆரம்பத்தில் நான் உறுதியாகத்தான் இருந்தேன். 118-ஆம் சங்கீதத்தை எழுதிக் கதவில் ஒட்டினேன். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் சத்தமாக அறிக்கை செய்தேன். பரிசோதனை நாட்களில் உபவாசம் இருந்தேன். ஒரு நாள் கிரியாட்டினின் நன்றாக இறங்கியிருந்தது. அவருடைய அண்ணன் சந்தோஷம் தாங்காமல் ஜெபக்குழுவில், ஆண்டவர் குணமாக்குகிறார் என்று சாட்சி போட்டுவிட்டார். எத்தனையோ பேர் ஆமென் போட்டார்கள். டயாலிசிஸ் முடிந்த கையோடு எடுத்த ரத்தம் அது. இயந்திரம் சுத்தம் செய்து அனுப்பிய ரத்தத்தில் எண் குறைந்துதான் காட்டும். இரண்டு நாளில் பழைய இடத்துக்கே ஏறியது. ஆமென் போட்ட அத்தனை பேரிடமும் போய் இதை யார் சொல்வது? நோயைப் பற்றித் தெரிந்துகொள்வது விசுவாசத்துக்கு எதிரானது என்று எங்களுக்கு ஒரு எண்ணம் இருந்தது. அது தப்பு. எந்த எண் எதைக் காட்டுகிறது, எப்போது எடுத்த ரத்தம் என்று நர்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் இயந்திரம் செய்ததை அற்புதம் என்று கொண்டாடிவிட்டு, அது இறங்கி ஏறும் ஒவ்வொரு தடவையும் ஆண்டவர் வாக்கு மாறிவிட்டார் என்று அழுதுகொண்டிருப்பீர்கள்.

அப்புறம் ஓர் ஊழியக்காரர் வந்தார். உறவினர் ஒருவர் அழைத்து வந்தார். நீளமாக ஜெபித்தார். நடுவில் நிறுத்தி, "ஆண்டவர் காட்டுகிறார், இரண்டு புதுச் சிறுநீரகத்தை உள்ளே வைத்துவிட்டார்" என்றார். "இனிமேல் அந்த மெஷினில் போய்ப் படுத்தால் அது அவிசுவாசம், பிரதர்" என்றும் சொன்னார். அத்தை, அதாவது என் கணவருடைய அம்மா, முழங்காலில் நின்றபடியே அழுதார். கிளம்பும்போது விசுவாச விதை, அதாவது விசுவாசத்தோடு கொடுக்கும் காணிக்கை என்று ஒரு தொகை கேட்டார் அந்த ஊழியக்காரர். நான் உள்ளே போயிருந்த நேரத்தில், தன்னுடைய அடக்கச் செலவுக்கென்று எடுத்து வைத்திருந்த பணத்தை அப்படியே கொடுத்துவிட்டார் அத்தை. எனக்கு மறுநாள்தான் தெரியும். திருப்பிக் கேட்கட்டுமா என்றேன். "ஆண்டவருக்குக் கொடுத்ததைக் கேட்கக்கூடாதும்மா" என்றார். அதற்கு மேல் என்ன பேச?

அடுத்த டயாலிசிஸுக்கு என் கணவர் போகவில்லை. "ஒரே ஒரு தடவை பார்ப்போம்" என்றார். நான் சண்டை போட்டேன். கேட்கவில்லை. அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. அந்தத் தடித்த ஊசிகள் குத்திய கை அவருடையது, என்னுடையது அல்ல. இரண்டாம் நாள் ராத்திரி அவரால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றும், பொட்டாசியம் ஏறியிருக்கிறது, இன்னும் கூடினால் இதயமே நின்றுபோகும் என்றும் அவசரப் பிரிவில் சொன்னார்கள். உடனே டயாலிசிஸ், அப்புறம் தீவிர சிகிச்சைப் பிரிவு, அதற்கு ஒரு பில். அங்கே இருந்த நர்ஸ் திட்டவே இல்லை. "யாராவது நிறுத்தச் சொன்னாங்களா? இப்படி வர்றவங்க இருக்காங்கம்மா" என்று மட்டும் சொன்னார். உறவினர் அந்த ஊழியக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னபோது, வீட்டில் யாருக்கோ விசுவாசக் குறைவு என்று பதில் வந்தது. யாருக்கு என்று எல்லாருக்கும் புரிந்தது. சண்டை போட்டவள் நான்தானே.

அந்த நாட்களில் எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் வைக்க முடியாது. அந்த ஆள் மேல் கோபம், உறவினர் மேல் கோபம், கடைசியில் ஆண்டவர் மேலேயே கோபம். வேதத்தை மூடி வைத்துவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் பிழைத்திருப்பேன் என்று சொன்ன வேறு யாராவது வேதத்தில் உண்டா என்று தேடியதில் எசேக்கியா ராஜா கிடைத்தார். 2 இராஜாக்கள் 20-ஆம் அதிகாரம். ராஜா சாகக் கிடக்கிறார். ஏசாயா தீர்க்கதரிசி வந்து, நீர் பிழைக்கமாட்டீர் என்கிறார். ராஜா சுவர்ப்பக்கம் திரும்பி அழுது ஜெபிக்கிறார். ஏசாயா முற்றத்தைத் தாண்டிப் போவதற்குள் வாக்கு மாறி வருகிறது. குணமாக்குவேன், மூன்றாம் நாள் ஆலயத்துக்குப் போவாய், உன் ஆயுசில் 15 வருஷம் கூட்டுவேன். இதுவரைக்கும் எல்லாரும் பிரசங்கம் பண்ணுவார்கள். அதற்கு அடுத்த வசனத்தில் ஏசாயா, அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லுகிறார். அதைக் கொண்டுவந்து கட்டியின் மேல் பற்றுப் போடுகிறார்கள். ராஜா பிழைக்கிறார். வாக்குக் கொடுத்த அதே வாயிலிருந்துதான் மருந்தும் வருகிறது. பற்றுப் போட்டால் அவிசுவாசம் என்று ஏசாயா சொல்லவில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. வனாந்தரத்தில் இயேசுவிடம் சாத்தான் பேசும்போது அவனும் ஒரு வாக்குத்தத்தத்தைத்தான் எடுத்துச் சொல்லுகிறான். 91-ஆம் சங்கீதம்: தூதர்கள் உம்மைக் கையில் ஏந்திக்கொள்வார்கள். ஆகவே ஆலயத்தின் உப்பரிகையிலிருந்து குதியும் என்கிறான். வசனம் உண்மையான வசனம். கேட்டது மட்டும் குதிக்கச் சொல்லி. இயேசு குதிக்கவில்லை, கர்த்தரைப் பரீட்சை பார்க்காதே என்ற இன்னொரு வசனத்தைச் சொல்லி மறுத்தார். குஷ்டரோகிகளைக் குணமாக்கியபோது அவர் என்ன செய்தார் என்பதையும் பாருங்கள். போய் ஆசாரியர்களுக்கு, அதாவது ஆலயத்துக் குருக்களுக்குக் காண்பியுங்கள் என்றார். குஷ்டம் இருக்கிறதா, போய்விட்டதா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு மோசேயின் சட்டப்படி ஆசாரியனுடையது. ஆகவே யாராவது உங்களிடம் வந்து குணமாகிவிட்டது, மருந்தை நிறுத்து என்றால், நல்லது, டாக்டருக்குக் காண்பிக்கிறேன், அவரே நிறுத்தட்டும் என்று சொல்லுங்கள். நிஜமாகவே குணமாகியிருந்தால் பரிசோதனையைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. இதை முன்பே யாராவது எங்களுக்குச் சொல்லியிருந்தால் அந்த ராத்திரி எங்களுக்கு வந்திருக்காது.

அதற்குப் பிறகு ஒரு நோட்டு எடுத்தேன். எங்களுக்கு வந்த வாக்குத்தத்தங்களை ஒவ்வொன்றாக அதில் எழுதி, பக்கத்திலேயே சில கேள்விகளையும் எழுதினேன். இதை யார் சொன்னது? யாரிடம் சொன்னது? எப்போது நடக்கும் என்று சொன்னது? இதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது? டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே காத்திருக்கும் நேரம் முழுக்க இதுதான் வேலை. மனிதர்கள் சொன்னவை எல்லாம் ஒரு பக்கம் போயின. அடுத்த மாதத்துக்குள் அற்புதம், இந்த வருடம் முடிவதற்குள் விடுதலை என்று தேதி போட்டு வந்தவை எல்லாமே மனிதர்கள் சொன்னவைதான் என்பது நோட்டில் எழுதிப் பார்த்தபோதுதான் பளிச்சென்று தெரிந்தது.

எல்லாரும் அனுப்பும் எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கு என்கிற வசனம். கி.மு. 597-இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தின் நடுவில் அது இருக்கிறது. அதற்கு முந்தின வசனத்தில், பாபிலோனுக்கு 70 வருஷம் நிறைவேறின பிறகுதான் உங்களைத் திரும்ப வரப்பண்ணுவேன் என்று இருக்கிறது. அதற்கும் முன்னால், வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்று இருக்கிறது. பாரசீக ராஜா கோரேசு அவர்களைத் திரும்பிப் போகவிட்டது கி.மு. 538-ஐ ஒட்டி. 30 வயதில் சிறைப்பட்டுப் போன ஒருவர் அதுவரை உயிரோடு இருந்திருந்தால் 90-ஐ நெருங்கியிருப்பார். அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிப் படித்தவர்களில் பெரும்பாலோர் பாபிலோனிலேயே புதைக்கப்பட்டார்கள். பக்கத்து வீட்டுக்கு வந்த தபாலில் நடுவில் ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு நமக்குப் பணம் வரப்போகிறது என்று வாசலில் நிற்பதுபோலத்தான் நான் அந்த வசனத்தைக் கையில் வைத்திருந்தேன்.

அந்தக் கடிதத்துக்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவன் வருகிறான். அவனும் தீர்க்கதரிசிதான். எல்லாம் இரண்டே வருஷத்தில் சரியாகிவிடும், ஆலயத்திலிருந்து பாபிலோனுக்குக் கொண்டுபோன பாத்திரங்களும் போன ஜனங்களும் திரும்பி வருவார்கள் என்கிறான். எரேமியா அவனை உடனே திட்டவில்லை. ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக என்கிறார். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். அவருக்கும் ஆசைதான், சீக்கிரம் முடிந்தால் நல்லது என்றுதான். ஆனால் ஆசை வேறு, ஆண்டவர் சொன்னது வேறு. அனனியா சொன்னது பொய் நம்பிக்கை என்று பிறகு தெரியவருகிறது, அவன் அந்த வருஷமே செத்தும் போகிறான். இரண்டு வருஷம் என்று சொல்கிறவரைத்தான் எந்தக் காலத்திலும் ஜனங்களுக்குப் பிடிக்கிறது. எங்களுக்கும் பிடித்தது.

இப்படிக் கழித்துக்கொண்டே போனதில், எங்களுக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டது என்று நிச்சயமாகச் சொல்லக்கூடியவை கொஞ்சம்தான் மிஞ்சின. நான் உன்னை விட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை. என் கிருபை உனக்குப் போதும். ஆண்டவருடைய அன்பைவிட்டு மரணம்கூட நம்மைப் பிரிக்காது. கடைசியில் ஒரு நாள் கண்ணீர் யாவும் துடைக்கப்படும். அதோடு, உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு என்பது. அதுவும் இயேசு சொன்ன வாக்குதான், ஆனால் அதை யாரும் பூப்படம் போட்டு அனுப்புவதில்லை. முதலில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது. சிறுநீரகத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. குணமாக்க அவரால் முடியும் என்று இன்றைக்கும் நம்புகிறேன், தினமும் கேட்கிறேன். ஆனால் கேட்பது வேறு, வாக்குக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டு வரவில்லையே என்று ஏங்குவது வேறு. இதைப் பிரித்துக்கொண்ட பிறகு ரத்தப் பரிசோதனைத் தாள் எனக்குத் தாளாகத் தெரிய ஆரம்பித்தது. எண் ஏறினால் டயாலிசிஸ் நேரத்தைக் கூட்டுவார்கள், மருந்தை மாற்றுவார்கள். அவர் கைவிட்டாரா இல்லையா என்று அந்த எண்ணைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டிய வேலை எனக்கு இல்லாமல் போனது.

இதனால் மனம் லேசாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குப் பிறகுதான் ஜெபம் சுத்தமாக வறண்டது. ஆராதனையில் பாட்டு வாயில் வரவில்லை. சாட்சி நேரம் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். ஒருவருக்குக் காய்ச்சல் மூன்று நாளில் விட்டதற்கு எல்லாரும் கை தட்டும்போது எனக்குப் பொறாமையாக இருந்தது, உண்மையைச் சொன்னால். அப்போது எனக்கு உதவியவை புலம்பல் சங்கீதங்கள்தான். 88-ஆம் சங்கீதத்தில் கடைசி வரிகூட வெளிச்சத்தில் முடிவதில்லை. நண்பர்கள் விலகிப் போனதைச் சொல்லியே முடிகிறது. 77-ஆம் சங்கீதத்தில் அதைப் பாடிய ஆசாப், வாக்குத்தத்தம் ஒழிந்தே போயிற்றோ என்று நேராகவே கேட்கிறார். கேட்டதற்காக அவரை யாரும் வேதத்தைவிட்டு வெளியே தள்ளவில்லை. சொந்த வார்த்தை வராத நாளில் அவர்களுடைய வார்த்தையை எடுத்து வாசித்துவிட்டுப் படுத்துவிடுவேன். அதுவும் ஜெபம்தான் என்று எங்கள் போதகர் சொன்னார். அவர் ஒரு தடவைகூட எங்களிடம் தேதி சொன்னதில்லை.

அதுவும் முடியாத நாட்கள் உண்டு. அந்த நாட்களில் வேறு யாராவது நம்பட்டும் என்று விட்டுவிட்டேன். நான்கு பேர் கை கால் செயலிழந்த ஒரு திமிர்வாதக்காரனைக் கட்டிலோடு தூக்கி வந்து, கூரையைப் பிரித்து இறக்கினார்களே, அங்கே இயேசு பார்த்தது அவர்களுடைய விசுவாசத்தை என்றுதான் மாற்கு எழுதியிருக்கிறார். கட்டிலில் கிடந்தவனுக்கு எவ்வளவு விசுவாசம் இருந்தது என்று அங்கே யாரும் அளந்து பார்க்கவில்லை. எங்கள் சபையில் ஓர் அண்ணன் இருக்கிறார், அதிகம் பேசமாட்டார். "செவ்வாய்க்கிழமை நான் கூட்டிட்டுப் போறேன், நீ தூங்கும்மா" என்று ஒரு நாள் வந்து நின்றார். அன்றிலிருந்து செவ்வாய் அவருடையது. எனக்கு ஒரு வசனம்கூட அவர் சொன்னதில்லை. கைவிடுவதில்லை என்ற அந்த வாக்கு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எங்களிடம் வந்தது என்றால் அது அந்தச் செவ்வாய்க்கிழமைகளில்தான். உங்களுக்கு இப்படி ஒருவர் வந்தால் பரவாயில்லை அண்ணா, நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று மரியாதைக்கு மறுத்துவிடாதீர்கள். நோயாளியைவிடக் கூட இருப்பவர் முதலில் விழுந்துவிடுவது நடக்கிற காரியம்.

எரேமியாவை நான் அப்புறம் விடவே இல்லை. 32-ஆம் அதிகாரத்தில் அவர் ஒரு நிலம் வாங்குகிறார். யூதாவை ஆண்ட சிதேக்கியா ராஜாவின் 10-ஆம் வருஷம். பாபிலோன் சேனை எருசலேமைச் சுற்றி வளைத்திருக்கிறது. எரேமியாவோ காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரத்தில் பெரியப்பன் சித்தப்பன் வழி உறவுக்காரன் ஒருவன் வந்து, ஆனதோத்திலுள்ள என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். ஆனதோத், எருசலேமுக்குப் பக்கத்து ஊர், எதிரிப் படையின் பிடியில் இருக்கிற பகுதி. அங்கே போய்ப் பார்க்கக்கூட முடியாத நிலத்துக்கு எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார். சாட்சிகளை வைத்துப் பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லுகிறார். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் நிலமும் தோட்டமும் வாங்கப்படும் என்று ஆண்டவர் சொல்லியிருந்தார், அதற்காக. இதையெல்லாம் செய்து முடித்த பிறகுதான் அவருக்கே குழப்பம் வருகிறது. பட்டணம் எதிரி கையில் விழப்போகிறது, நீரோ நிலம் வாங்கு என்கிறீரே என்று ஜெபிக்கிறார். அடுத்த வருஷம் பட்டணம் விழவும் செய்தது.

புரிந்த பிறகு நம்புவது என்று நான் வைத்திருந்த வரிசை அங்கே தலைகீழாக இருந்தது. அவர் முதலில் பத்திரம் எழுதுகிறார், சந்தேகத்தை அப்புறம் ஆண்டவரிடமே கொண்டுபோகிறார். அத்தோடு, வாங்கினது நிலம்தான். முற்றுகையை மறந்துவிட்டுக் கதவைத் திறந்து வெளியே நடக்கவில்லை. இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்! டயாலிசிஸை நிறுத்துவது கதவைத் திறப்பது. எங்களுக்கு நிலம் வாங்குவது எது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினோம். அவர் கணக்கு எழுதும் வேலையைப் பாதி நேரத்துக்கு எடுத்துக்கொண்டார். ஃபிஸ்டுலா இடது கையில், வலது கை சும்மாதானே இருக்கிறது என்று டயாலிசிஸ் நாற்காலியிலேயே லேப்டாப்பை வைத்துக்கொண்டு செய்கிறார். வரும்படி சின்னதுதான். ஆனால் அத்தை ஊழியக்காரரிடம் கொடுத்து இழந்த பணத்தை அதிலிருந்து மாதா மாதம் கொஞ்சமாகச் சேர்த்துத் திரும்ப வைக்கிறார். அத்தை வேண்டாம் என்பார், அப்புறம் எண்ணிப் பார்த்து உள்ளே வைத்துக்கொள்வார்.

மாற்றுச் சிறுநீரகம் இன்னும் கிடைக்கவில்லை. அவருடைய அண்ணன் தர முன்வந்தார், ரத்த வகை பொருந்தவில்லை. என்னுடையது பொருந்தியது. ஆனால் எனக்கே சர்க்கரை எல்லையில் இருக்கிறது, எடுக்க முடியாது என்றுவிட்டார்கள். அன்றைக்கு நான் அழுத அழுகையை அவர்தான் தேற்ற வேண்டியிருந்தது. காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருக்கிறது. எபிரெயர் 11-ஆம் அதிகாரத்தில் விசுவாச வீரர்கள் என்று பட்டியல் போட்டுவிட்டு, இவர்கள் எல்லாரும் வாக்குத்தத்தம் பண்ணப்பட்டவைகளை அடையாமல், தூரத்திலே கண்டு, விசுவாசத்தோடே மரித்தார்கள் என்று எழுதியிருக்கிறது. முன்பு அந்த வசனத்தைப் படித்தால் பயமாக இருக்கும். இப்போதும் கொஞ்சம் பயம்தான். ஆனால் அவர்களுக்கு விசுவாசக் குறைவு என்று அங்கே எழுதவில்லை என்பதையும் கவனித்துக்கொள்கிறேன்.

இந்த மாதிரி வீடுகளுக்குப் போகிறவர்களுக்குச் சில விஷயம். ஜெபித்துக் கொண்டுவந்தது என்று பழமோ பழச்சாறோ கொடுக்காதீர்கள். பல பழங்களில் பொட்டாசியம் அதிகம், குடிக்கிற தண்ணீருக்கே அளவு வைத்திருப்பார்கள். ஃபிஸ்டுலா இருக்கிற கையைப் பிடித்து அழுத்தி ஜெபிக்காதீர்கள், அந்தக் கையில் ரத்த அழுத்தம்கூடப் பார்க்கக் கூடாது. எப்போது குணமாகும் என்று உங்களுக்குத் தோன்றினால் அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நடக்கும்போது எல்லாருமாகச் சந்தோஷப்படலாம். வசனம் அனுப்ப வேண்டும் என்று தோன்றினால் அனுப்புங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குக் கீழேயே, எந்தக் கிழமை நான் வந்து கூட உட்காரட்டும் என்று ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள். எங்களுக்குச் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் ஆள் இருக்கிறது. சனிக்கிழமைக்குத்தான் இன்னும் ஒருவர் தேவைப்படுகிறார்.